சமூக ஊடகத்தைக் குறைத்துக்கொண்டு தொழில் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ தொழில் நடத்தும் பலருக்கு, வேலையைச் செய்வதைவிட அதைப் படம் பிடித்துப் போடுவதே பெரிய வேலையாகிவிட்டது. இதிலிருந்து கொஞ்சம் ஒதுங்க முடியுமா, ஒதுங்கினால் வருமானம் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். மற்ற தளங்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

பதிவு போடுவதை நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடாதா?

உங்களுக்கு ஆர்டர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் பெரும்பாலானவர்கள் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. "எல்லாமே இன்ஸ்டாவில்தான் வருது" என்று சொல்பவரைக் கடைசியாக வந்த முப்பது ஆர்டர்களை எடுத்து, யார், எப்படி வந்தார் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். பழைய வாடிக்கையாளர்களும், அவர்கள் சொல்லி வந்தவர்களும் அவர் நினைத்ததைவிட அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. இன்ஸ்டாவில் மெசேஜ் போட்டார் என்பதாலேயே ஒருவர் இன்ஸ்டாவால் வந்தவர் ஆகிவிடமாட்டார். தோழி சொன்ன பெயரைத் தேடியிருப்பார், கண்ணில் பட்ட முதல் இடத்தில் மெசேஜ் போட்டிருப்பார், அவ்வளவுதான். அவருக்கு உங்கள் ஃபோன் நம்பர் முதலில் கிடைத்திருந்தால் ஃபோன் பண்ணியிருப்பார்.

அதனால் எதையும் நிறுத்துவதற்கு முன்னால் இந்தக் கணக்கை எடுங்கள். இனி வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படிக் கேள்விப்பட்டீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆப் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். "இன்ஸ்டா" என்று மட்டும் பதில் வந்தால், அங்கே எதைப் பார்த்தார் என்றும் கேளுங்கள். நேற்றைய ரீல்ஸா, மூன்று வருடத்துக்கு முந்தைய படமா, யாரோ டேக் பண்ணியதா என்பது இங்கே ரொம்ப முக்கியம். பழைய படத்தைப் பார்த்து வந்தார் என்றால் நீங்கள் தினமும் புதிதாகப் போடாவிட்டாலும் அவர் வந்திருப்பார் இல்லையா?

விலகுவது என்றால் கணக்கை அழித்துவிடுவதா?

தேவையில்லை. தினசரிப் பதிவை நிறுத்துவது, ஆப்பை ஃபோனிலிருந்து எடுப்பது, ஒரு தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடுவது, விளம்பரம் மட்டும் கொடுத்துப் பதிவு போடாமல் இருப்பது என்று இதில் பல படிகள் உண்டு. முதல் இரண்டு படிகளிலேயே பலருக்குத் தேவையான நிம்மதி கிடைத்துவிடுகிறது. அழிப்பது கடைசிப் படி. அதைத் திருப்பி எடுக்க முடியாது என்பதால் அவசரப்பட வேண்டாம். எப்படி அழிப்பது, அதில் என்ன சிக்கல் என்று கீழே தனியாகச் சொல்கிறேன்.

இத்தனை ஆயிரம் ஃபாலோயர் சேர்த்தேனே, அதை எப்படி விட்டுவிட்டுப் போவது?

கஷ்டம்தான், புரிகிறது. வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்தது. ஆனால் அந்த எண்ணிக்கையும் நீங்கள் போடுவதைப் பார்க்கிறவர்களின் எண்ணிக்கையும் ஒன்று இல்லை. இன்ஸ்டாகிராம் 2016-இல் நேர வரிசையைக் கைவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று தானே கணித்து அடுக்க ஆரம்பித்தது. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போகிறோம், வணிகப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே தெரியும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அதாவது, உங்களை விரும்பிப் பின்தொடர்ந்தவரிடம்கூட உங்கள் செய்தி போய்ச் சேருமா என்பது உங்கள் கையில் இல்லை. போய்ச் சேரவேண்டும் என்றால் காசு கொடுத்து பூஸ்ட் பண்ணச் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த ஆயிரக்கணக்கானவர்களின் ஃபோன் நம்பரோ மின்னஞ்சலோ உங்களிடம் இருக்கிறதா? ஃபாலோயர் பட்டியலைத் தரவிறக்கினாலும் கையில் கிடைப்பது அவர்களின் கணக்குப் பெயர்கள்தான், அந்தத் தளத்துக்கு வெளியே அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது, வைன் 2017-இல் போனது, கூகுள் பிளஸ் 2019-இல் போனது, இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூனில் தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் அங்கே கூட்டம் சேர்த்து வைத்திருந்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வாடிக்கையாளரை நேரடியாகத் தொடர்புகொள்ளும் வழி உங்களிடம் இருக்கவேண்டும் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல வருவது. நீங்கள் விலகினாலும் சரி, விலகாவிட்டாலும் சரி.

சரி, அவர்களை எப்படி என் பக்கம் அழைத்து வருவது?

இதுதான் உண்மையான வேலை. இதற்குச் சில மாதங்கள் ஒதுக்குங்கள். பதிவு போடுவதை இந்தக் காலத்தில் நிறுத்தவேண்டாம், அதன் நோக்கத்தை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் போய்ச்சேரும் இடம் தயாராக இருக்கவேண்டும். உங்கள் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்குங்கள், அதில் ஒரே ஒரு பக்கம் போதும்: என்ன செய்கிறீர்கள், செய்தவற்றின் நல்ல படங்கள், விலை எங்கே ஆரம்பிக்கிறது, எப்படி ஆர்டர் கொடுப்பது, எத்தனை நாளில் கிடைக்கும். இன்பாக்ஸில் தினமும் எதையெல்லாம் திரும்பத் திரும்பத் தட்டுகிறீர்களோ அதையெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுதிவிட்டால் பாதிக் கேள்வி குறையும். டொமைன் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தால் பின்னால் வம்பு. இலவசமாகத் தரும் இணையதள வசதியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழில் விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாக உருவாக்கிய இணையதளங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. சொந்த டொமைன் இருந்தால் பின்னால் இருக்கும் சேவையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், வாடிக்கையாளருக்குத் தெரிந்த முகவரி அப்படியே இருக்கும்.

அப்புறம் பட்டியல். ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் "புதுசா ஏதாவது வந்தால் சொல்லட்டுமா?" என்று கேட்டு மின்னஞ்சலையோ நம்பரையோ வாங்குங்கள். கேட்காமல் சேர்க்கவேண்டாம். அது மரியாதை இல்லை என்பது ஒரு பக்கம். சட்டச் சிக்கலும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு விதி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டம் முன்கூட்டியே சம்மதம் கேட்கச் சொல்வதில்லை, ஆனால் விளம்பர மெயிலில் விலகிக்கொள்ளும் வழி இருக்கவேண்டும் என்கிறது. மற்ற பல நாடுகளிலும் இதுபோன்ற விதிகள் உண்டு.

மூன்றாவதாக, ஏன் வரவேண்டும் என்பதற்கு ஒரு நியாயமான காரணம் சொல்லுங்கள். "எங்கள் மெயிலில் சேருங்கள்" என்றால் யாரும் அசையமாட்டார்கள். "அடுத்த மாதத்திலிருந்து புது டிசைன்களை முதலில் மெயிலில் இருப்பவர்களுக்குத்தான் காட்டப்போகிறேன், மீதி இருந்தால்தான் இங்கே போடுவேன்" என்று சொல்லி, சொன்னபடியே செய்தால் வருவார்கள். ஒரு தடவை அறிவித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரே பதிவு எல்லோருக்கும் தெரியாது என்று மேலேயே பார்த்தோம், அதனால் வாரம் ஒருமுறையாவது வெவ்வேறு விதத்தில் சொல்லிக்கொண்டே இருங்கள். பத்தாயிரம் பேரில் முந்நூறு பேர்தான் வந்தார்கள் என்றால் சோர்ந்துபோகவேண்டாம். உங்களிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த முந்நூறுக்குள்தான் இருப்பார்கள்.

இந்தக் காலத்தில் மெயிலை யார் படிக்கிறார்கள்?

கம்பெனி மெயிலை யாரும் படிப்பதில்லை என்பது உண்மை. தெரிந்த ஆள் எழுதிய மெயிலைப் படிக்கிறார்கள். மாதம் ஒன்றோ இரண்டோ, உங்கள் சொந்த நடையில், ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி எழுதுங்கள். அலங்காரமான டெம்ப்ளேட் எல்லாம் தேவையில்லை, ஒரு படமும் நாலு பத்தியும் போதும். கடைசியில் "இதைப் பற்றி ஏதாவது கேட்கணும்னா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க" என்று எழுதுங்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் எண்ணை ரொம்ப நம்பவேண்டாம். 2021 செப்டம்பரில் ஐஃபோனில் வந்த மெயில் தனியுரிமை வசதி, படிக்காத மெயிலையும் திறந்ததாகக் காட்டிவிடக்கூடும். எத்தனை பதில் வந்தது, எத்தனை ஆர்டர் வந்தது என்று மட்டும் பாருங்கள். இலவச மெயில் முகவரியிலிருந்து நூறு பேரை பிசிசி-யில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி) போட்டு அனுப்பும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், ஸ்பேமில் போய் விழும். சொந்த டொமைன் முகவரியிலிருந்து, பட்டியலை நிர்வகிக்கும் சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். விலகிக்கொள்ளும் லிங்க்கை அதுவே போட்டுவிடும்.

எங்கள் ஆட்கள் மெயிலே பார்ப்பதில்லை, வாட்ஸ்அப்தான். அது பரவாயில்லையா?

தாராளமாக. 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் சிறுதொழிலுக்கென்றே வந்தது. பொருள் பட்டியல், தயார் பதில்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தானாகப் போகும் பதில் எல்லாம் அதில் உண்டு. பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக, அனுப்புவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்கள் நம்பரைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போகும். அதனால் பில்லிலோ பொட்டலத்தின் மேலோ "இந்த நம்பரை எங்கள் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி ஒட்டுங்கள்.

ஆனால் வாட்ஸ்அப்பும் 2014 முதல், இன்ஸ்டாகிராமைப் போலவே, ஃபேஸ்புக் நிறுவனத்தின் (இப்போது அதன் பெயர் மெட்டா) கையில்தான் இருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று அவர்களுடைய நெட்வொர்க்கில் செய்த ஒரு மாற்றம் தப்பாகிப்போய், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றுபோயின. ஆர்டர் வாங்குவது இன்ஸ்டாவில், முகவரி வாங்குவது வாட்ஸ்அப்பில் என்று வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு இரண்டு கதவும் சேர்ந்தே அடைபட்டன. எனவே வாட்ஸ்அப்பை வைத்துக்கொள்ளுங்கள், கூடவே வாடிக்கையாளர்களின் பெயரையும் நம்பரையும் வேறோர் இடத்தில், ஒரு எக்செல் தாளிலாவது, எழுதி வையுங்கள்.

புது வாடிக்கையாளர் எப்படி வருவார்? பழையவர்களை மட்டும் வைத்து எத்தனை நாள் ஓட்டுவது?

நியாயமான பயம். ஒருவர் எப்போது உங்களைத் தேடுகிறார் என்று யோசியுங்கள். சட்டை தைக்கவேண்டும், அலமாரி செய்யவேண்டும், கணக்குத் தாக்கல் செய்யவேண்டும் என்ற தேவை வரும்போது ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருப்பதில்லை, தெரிந்தவரிடம் கேட்கிறார் அல்லது கூகுளில் தேடுகிறார். இந்த இரண்டு இடத்திலும் நீங்கள் இருக்கவேண்டும்.

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். நேரம், நம்பர், முகவரி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வேலை முடிந்ததும் திருப்தியான வாடிக்கையாளரிடம் ரிவ்யூ எழுதச் சொல்லி லிங்க்கையும் கையோடு அனுப்புங்கள். கேட்கக் கூச்சப்படுகிறார்கள் பலர். கேட்டால் பெரும்பாலும் எழுதுவார்கள். எழுதியவருக்குப் பதிலும் போடுங்கள், குறை சொல்லி எழுதினவருக்கு இன்னும் நிதானமாகப் போடுங்கள், ஏனென்றால் புதிதாக வருகிறவர் அதைத்தான் முதலில் படிப்பார்.

வாய்வழிப் பரிந்துரையையும் தானாக நடக்கும் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் தொழிலுக்கு முன்னும் பின்னும் வரும் தொழில் செய்பவர்கள் யார் என்று பாருங்கள். திருமணப் புகைப்படக்காரருக்கு அலங்காரம் செய்பவர், மண்டபம் வைத்திருப்பவர், அழைப்பிதழ் அச்சடிப்பவர் எல்லோரும் ஒரே வாடிக்கையாளரைச் சந்திக்கிறார்கள். தினமும் ரீல்ஸுக்குக் கொடுத்த நேரத்தில் வாரம் ஒருவரை நேரில் போய்ப் பார்த்துப் பேசினால், அது எத்தனையோ லைக்குகளுக்கு மேல் வேலை செய்யும் என்று உறுதியாக நம்புகிறேன்.

யாராவது இப்படி விலகிக் காட்டியிருக்கிறார்களா?

பெரிய நிறுவனங்களில் உண்டு. பிரிட்டனில் நூற்றுக்கணக்கான பப்களை நடத்தும் ஜே.டி. வெதர்ஸ்பூன் 2018 ஏப்ரலில் தன் ட்விட்டர், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை மூடியது. அழகுசாதனப் பொருள்கள் விற்கும் லஷ் 2021 நவம்பரில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் நான்கிலிருந்தும் விலகியது. லஷ் கதையில் எனக்குப் பிடித்தது, அதன் பிரிட்டன் பிரிவு 2019-லேயே ஒருமுறை விலகுவதாக அறிவித்து, பிறகு திரும்பி வந்து, அதற்கப்புறம்தான் இரண்டாவது முறை விலகியது என்பது. அப்போதும் யூடியூபையும் ட்விட்டரையும் விடவில்லை.

ஆனால் இவர்களை அப்படியே பின்பற்றாதீர்கள். தெருவில் நடந்தால் கண்ணில் படும் கடைகளும் ஏற்கெனவே ஊரறிந்த பெயரும் அவர்களிடம் இருக்கின்றன.

கணக்கை அழித்தே தீரவேண்டும் என்று முடிவு செய்தால்?

முதலில் உங்கள் தரவை முழுவதும் தரவிறக்குங்கள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் அதற்கு வசதி இருக்கிறது. படங்கள், மெசேஜ்கள் எல்லாம் வரும். ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களை நிறுத்தி, கார்டு விவரத்தையும் எடுத்துவிடுங்கள். ஃபேஸ்புக் கணக்கை வைத்து லாகின் செய்யும் வேறு ஆப்கள் இருந்தால் அவற்றுக்குத் தனி பாஸ்வேர்ட் போடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் உள்ளே போக முடியாமல் நிற்பீர்கள். தொழில் பக்கத்துக்கு நீங்கள் ஒருவரே அட்மின் என்றால், உங்கள் சொந்தக் கணக்கை அழிக்கும்போது பக்கமும் சேர்ந்து போகும்.

அழிக்கச் சொன்ன பிறகு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் லாகின் செய்து ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு முடியாது.

என் கருத்து: அழிக்காதீர்கள். அழித்த பெயர் மறுபடி உங்களுக்குக் கிடைக்கும் என்று உறுதி இல்லை, அதே மாதிரிப் பெயரில் வேறு யாராவது கணக்கு தொடங்கி உங்கள் வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கிவிட்டால் அது உங்கள் தலையில்தான் விடியும். உங்கள் சொந்தக் கணக்கு இருந்தால், போலியைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர் ஒப்பிட்டுப் பார்க்கவாவது ஓர் இடம் இருக்கும். நல்ல படங்கள் ஒன்பதை மேலே வரும்படி வைத்து, பயோவில் "இங்கே இப்போது பதிவிடுவதில்லை, ஆர்டருக்கு இந்த நம்பர், இந்த இணையதளம்" என்று எழுதிவிட்டு, இரண்டடுக்குப் பாதுகாப்பையும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பூட்டி வைத்த கணக்கிலும் மெசேஜ் வருமே?

வரும். அதனால்தான் தானியங்கிப் பதில் வைக்கவேண்டும், இரண்டு தளத்திலும் வணிகக் கணக்குகளுக்கு அந்த வசதி இருக்கிறது. "இங்கே மெசேஜ் பார்ப்பதில்லை, இந்த நம்பரில் பேசுங்கள்" என்று ஒரு வரி. கூடவே வாரம் ஒருமுறை, கணினியில் மட்டும், இன்பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடுங்கள். பதிலே இல்லாமல் கிடக்கும் இன்பாக்ஸைப் பார்க்கிறவர், தொழிலையே விட்டுவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

போட்டியாளர் தினமும் போடுகிறாரே, அவருக்கு வாய்ப்பை விட்டுக்கொடுப்பதாக ஆகாதா?

அவர் தினமும் போடுவது உங்களுக்குத் தெரிகிறது, அதனால் அவருக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்பது தெரியாது. அவருக்கும் தூக்கம் இல்லாமல் இருக்கலாம். அவர் கணக்கை அன்ஃபாலோ பண்ணுங்கள், முதல் வாரமே வித்தியாசம் தெரியும்.

நிறுத்திய பிறகும் கை ஃபோனைத் தேடிப் போகிறதே?

போகும். சுய கட்டுப்பாடு குறைவு என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள், முடிவே இல்லாமல் கீழே ஓடும் பக்கமும் இழுத்துவிட்டால் புதிதாக ஏதாவது வரும் அமைப்பும் உங்களை உள்ளேயே வைத்திருக்கத்தான் செய்யப்பட்டவை. அதிலும் தொழில் செய்பவருக்கு இது இரட்டைப் பிடி, "ஆர்டர் வந்திருக்குமோ" என்ற நியாயமான காரணம் எப்போதும் கையில் இருக்கும். அதனால்தான் ஆர்டர் வரும் வழியை முதலில் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்கிறேன். மாற்றிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும், ஆப்பை எடுப்பது அதற்குப் பிறகு எளிது. முடிந்தால் தொழிலுக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள், வேலை நேரம் முடிந்ததும் அதை அணைத்துவிடலாம்.

வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் போதாதா?

வருமானம் தாங்கினால் நல்ல வழிதான். பாஸ்வேர்டைக் கொடுக்காமல், அவரைத் தனியாக அந்தப் பக்கத்தில் சேர்த்துக் குறைந்த அனுமதி மட்டும் கொடுங்கள். வாடிக்கையாளர் புகாருக்கு மட்டும் நீங்களே பதில் சொல்லுங்கள்.

யாருக்கு இது சரிப்படாது?

கணக்கெடுத்துப் பார்த்து, புது ஆர்டர்களில் பெரும்பகுதி நிஜமாகவே புதுப் பதிவுகளைப் பார்த்துத்தான் வருகிறது என்று தெரிந்தால் இப்போது நிறுத்தவேண்டாம். பார்த்ததும் ஆசைப்பட்டு வாங்கும் பொருள்கள், அதாவது நகை, அலங்காரப் பொருள், பரிசுப் பொருள் விற்பவர்களுக்கு இப்படி அமையலாம். தொழில் தொடங்கிய முதல் வருடத்தில் இருப்பவரும் பொறுக்கலாம், பழைய வாடிக்கையாளர் என்று சொல்ல இன்னும் யாரும் இல்லையே. இவர்கள் வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து எல்லாப் பதிவையும் செய்து, நேரம் குறித்துத் தானாகப் போகும்படி வைத்துவிட்டு, மற்ற நாள்களில் ஆப்பைத் தொடாமல் இருந்து பார்க்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நிர்வகிக்க மெட்டா தரும் பிசினஸ் சூட்டில் இது இலவசம். கூடவே மேலே சொன்ன பட்டியலைச் சேர்க்க ஆரம்பித்துவிடுங்கள்.

எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவு நாள் பார்ப்பது?

உங்கள் தொழிலில் எப்போதும் மந்தமாக இருக்கும் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள், சீசன் நேரத்தில் வேண்டாம். முழுதாக மூன்று மாதம் பாருங்கள். வருமானத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடம் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் மந்தமான மாதத்தின் பழியெல்லாம் உங்கள் முடிவின் மேல் விழும். கூடவே எத்தனை மணி நேரம் மிச்சமானது, அதில் என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். மிச்சமான நேரத்தில் ஆர்டர்களைச் சீக்கிரம் முடித்துக்கொடுத்திருந்தால் அதுவும் வருமானம்தான்.

சரிப்பட்டு வரவில்லை என்றால் திரும்பப் போகலாமா?

போகலாம், அதில் ஒரு தலைகுனிவும் இல்லை. கணக்கை அழிக்காமல் வைத்திருந்தால் மறுநாளே ஆரம்பிக்கலாம். தொடக்கத்தில் பதிவுகள் குறைவான பேருக்கே போகலாம், சில வாரம் பொறுங்கள். திரும்பும்போது எல்லாத் தளத்துக்கும் போகவேண்டாம், உங்கள் நோட்டில் ஆர்டர் கொடுத்ததாக எந்தத் தளத்தின் பெயர் அதிகம் வந்ததோ அந்த ஒன்றுக்கு மட்டும் போங்கள்.